பழைய மர மோட்டார் படகு: அடையாளமும் ஜீர்ணோத்தாரணமும்

ஏரிக்கரைக் கொட்டகை ஒன்றில் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, பெயர்ப்பலகை கழன்று, வர்ணத்தின்மேல் வர்ணம் ஏறி, பிறந்த காலத்து இயந்திரத்தையும் இழந்துவிட்ட ஒரு மரப்படகு, விலைக்கோ வாரிசுரிமையாலோ புதிய ஒருவர் கைக்கு வரும்பொழுது, அவர் முன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. இந்தப் படகு எது, இதை யார் எந்த ஆண்டில் கட்டினார்கள் என்பது முதலாவது. இதை மீண்டும் நீரில் இறக்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. முதல் வினா சரித்திர ஆராய்ச்சியாளருக்கு உரியது என்றும், இரண்டாவது தச்சருக்கு உரியது என்றும் பிரித்துப் பேசுவதே வழக்கமாக இருந்து வருகிறது. ஆனால், இத்துறையில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திரண்டுள்ள அனுபவத்தைத் தொகுத்து நோக்குவோருக்கு, இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்பது விரைவிலேயே புலனாகும். படகின் பிறப்பையும் வளர்ப்பையும் சொல்லும் சாட்சியங்கள் அதன் மரத்திலும், திருகாணித் துளைகளிலும், பழைய வர்ணப் படலங்களிலுமே பதிந்து கிடக்கின்றன. பழுதுபார்க்கும் தச்சர் முதலில் கழற்றி எறிவதும் அவற்றையேதான். ஆகவே, அடையாளம் காணாமல் தொடங்கும் பழுதுபார்ப்பு படகின் சரித்திரத்தை அழித்துவிடும். மரத்தின் நோயை அறியாமல் செய்யும் ஆராய்ச்சியோ படகைக் காப்பாற்றாது. இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு இப்பிரச்சினையின் பல பகுதிகளையும் இங்கு ஒருசேர ஆராய்வோம்.

படகுகளின் பூர்வோத்தரம்

மோட்டார் படகு கட்டாத கடற்கரை நாடு அநேகமாக இல்லை. எனினும், இவ்விஷயத்தை ஆராய்வதற்கு அமெரிக்காவின் பேரேரிப் பிரதேசத்தைப் போல் வளமான களம் வேறில்லை. மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையிலுள்ள அல்கோனாக் என்னும் சிற்றூரில், கிறிஸ்டோபர் கொலம்பஸ் ஸ்மித் என்பவர் படகுத் தச்சராகப் பெயர் பெற்றிருந்தார். அவர் பட்டறையில் உருவான 'மிஸ் அமெரிக்கா' என்ற பந்தயப் படகைச் செலுத்தி, கார் வுட் என்பவர் 1920-இல் ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்றார். 1922-இல் ஸ்மித்தும் அவருடைய புதல்வர்களும் சேர்ந்து தனி ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினர்; பிற்காலத்தில் உலகம் முழுவதும் அறிந்த கிறிஸ்-கிராஃப்ட் அதுவே. முதல் உலகப் போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட கர்டிஸ் விமான இயந்திரங்களைப் படகுக்கு ஏற்றவாறு மாற்றிப் பொருத்தியும், அருகிலிருந்த டெட்ராய்ட் நகரத்து மோட்டார் கார்த் தொழிலின் வரிசை உற்பத்தி முறையைத் தச்சுத் தொழிலில் புகுத்தியும், அக்குடும்பத்தார் செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாயிருந்த விரைவுப் படகை மத்தியதர வர்க்கத்தாரின் ஆசைக்கு எட்டும்படி செய்தனர். கார் வுட் தம் பெயரிலேயே தனித் தொழிற்சாலை கண்டார். ஜான் ஹேக்கர் என்னும் கலைத்திறன் மிக்க வடிவமைப்பாளர், அழகில் இவையிரண்டையும் விஞ்சும் படகுகளை வரைந்தார். மனிஸ்டீ நகரத்து செஞ்சுரி, ஒஹையோ மாநிலத்து லைமன் முதலிய நிறுவனங்களும் தத்தமக்கென ஒரு பாணியை வளர்த்துக்கொண்டன.

இந்த வரலாற்றில் அடையாளம் காண முயல்வோருக்கு முக்கியமான சில திருப்பங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இத்தொழிற்சாலைகள் இராணுவத் தரையிறங்கு படகுகளைக் கட்டும் பணியில் ஈடுபட்டதால், பொதுமக்களுக்கான படகுகள் நின்றுபோயின. போர் முடிந்து தொழில் மீண்டும் தொடங்கிய 1946-இல் நல்ல மஹோகனிக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததால், கிறிஸ்-கிராஃப்ட் படகுகள் சிலவற்றின் பக்கங்கள் சீடர் மரத்தால் கட்டப்பட்டு வெள்ளை வர்ணம் பூசப்பட்டன. 1950-இல் அந்நிறுவனமே வீட்டில் வைத்துத் தாமே பொருத்திக்கொள்ளும் படகுத் தொகுதிகளை விற்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ஒட்டுப்பலகையும், அதன்பின் ஃபைபர்கிளாஸும் புகுந்தன. 1970-களின் தொடக்கத்தில் அங்கே மரப்படகுத் தொழில் முற்றுப்பெற்றது. ஆகவே, ஒரே பெயர் தாங்கிய படகுகளுக்குள்ளேயே மரமும் முறையும் தரமும் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. அம்மாறுதல்களே காலக்கணிப்புக்குக் கருவியாக அமைகின்றன.

காண்டல், கருதல், உரை

பொருளை அறிவதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை நம் தர்க்க நூலார் வகுத்துள்ளனர். படகின் அடையாளம் காண்பதற்கும் இம்மூன்றுமே வழியாகும். இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி முடிவு கட்டுவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

காண்டல் அளவையில் முதன்மையானது படகின் உடல் எண். கிறிஸ்-கிராஃப்ட் படகுகளில் இவ்வெண் இயந்திர மூடியின் மரத்திலும், உள்ளே இயந்திரத்தைத் தாங்கும் நெடுஞ்சட்டங்களிலும் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். இருக்கைகளுக்கு அடியிலுள்ள பலகைகளின் பின்புறத்திலும், பக்கச் சுவர் மறைப்புகளின் உள்முகத்திலும் தொழிற்சாலைத் தச்சர்கள் பென்சிலால் அதே எண்ணைக் குறித்திருப்பதுண்டு. ஒரு படகுக்கென அறுத்த பலகை வேறொரு படகுக்குப் போய்விடாதிருக்க அவர்கள் செய்துகொண்ட எளிய உபாயம் அது. பளபளக்கும் பித்தளைத் தகடு திருட்டுப் போகலாம். பின்புறத்துப் பென்சில் எழுத்தைத் திருட யாரும் நினைப்பதில்லை. ஆகையால், அனுபவசாலிகள் தகட்டைவிடப் பென்சில் எழுத்தையே மிகுதியாக நம்புகின்றனர். போருக்குப் பிந்தைய எண்கள் பலவற்றில் முதலில் வரும் எழுத்து படகின் இனத்தையும், அடுத்துவரும் எண் அடிக்கணக்கில் நீளத்தையும் குறிக்கும். 'ஆர்-18' என்று தொடங்குவது 18 அடி நீளமுள்ள 'ரிவியெரா' வகை என்பது இதற்கு உதாரணம். இன்று அமெரிக்கப் படகுகளில் காணப்படும் 12 இலக்க அடையாளக் குறி 1972 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் சட்டப்படி கட்டாயமாயிற்று. ஆதலால், மரப்படகுகளில் மிகப் பெரும்பாலானவை அச்சட்டத்துக்கு முற்பட்டவையே. இவ்வாறே, படகின் முன்பகுதியாகிய அணியத்தின் இருபுறமும் மேல் வர்ணத்தைச் சுரண்டும்போது மங்கலாகத் தெரியும் பழைய பதிவெண்ணும் பயனுடையது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மாநிலங்கள் தத்தம் எழுத்துக்களுடன் எண் வழங்கத் தொடங்கின, 'எம்.சி.' என்ற எழுத்துக்கள் தென்பட்டால் படகு மிச்சிகனில் வாழ்ந்திருக்கிறது என்று துணியலாம்.

எண் எங்கும் கிடைக்காதபொழுது அனுமானமே துணை. இங்கே முதற் கருவி அளவுநாடா. அணியத்தின் முனையிலிருந்து, படகின் பின்முகமாகிய அமரப் பலகையின் வெளிமுகம் வரை, உலோக அலங்காரங்களை நீக்கி, மேல்தட்டின் நடுக்கோட்டில் எடுத்த நீளமும், மிக அகன்ற இடத்தின் அகலமும், இருக்கைப் பள்ளங்களின் எண்ணிக்கையும், இயந்திரம் அமர்ந்த இடமும் தெரிந்துவிட்டால், அக்காலத்து விலைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பெரும்பாலான இனங்களை விலக்கிவிடலாம். அடுத்தது வடிவம். பின்புறம் பீப்பாய் போல் உள்வளைந்த 19 அடிக் கிறிஸ்-கிராஃப்ட் படகைக் கண்டால், அது போருக்குச் சற்று முற்பட்ட சில ஆண்டுகளைச் சேர்ந்தது என்று பழகிய கண் கூறிவிடும். மேல்தட்டு ஓரங்களில் வெளுத்துப் பொன்னிறமாக்கப்பட்ட மஹோகனி இருந்தால் 1950-களின் சாயல் என்று கொள்ளலாம். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று செதில்போல் படிந்திருந்தால் லைமன் பட்டறையை முதலில் நினைக்க வேண்டும். எனினும், கிறிஸ்-கிராஃப்டும் 1954 முதல் அவ்வகைப் படகுகளைக் கட்டியிருப்பதால், அவ்வொரு குறியைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. வர்ணத்துக்கு அடியில் மறைந்த பயனற்ற திருகாணித் துளைகள், இன்று இல்லாத உலோகப் பாகம் எங்கே எந்த உருவில் இருந்தது என்பதைச் சொல்லும். சூரிய வெளிச்சம் படாத இருக்கை மறைவில் ஆதி நிறம் அழியாமல் இருக்கும். இயந்திரத்தை மட்டும் அடையாளத்துக்குப் பிரமாணமாகக் கொள்ளுதல் பிழை. ஐம்பது ஆண்டு உழைத்த படகு இரண்டு மூன்று இயந்திரங்களைக் கண்டிருக்கும். சுக்கான் சக்கரமும் அளவுமானிகளும் அவ்வாறே கை மாறுபவை.

மூன்றாவதாகிய உரையளவையில் கிறிஸ்-கிராஃப்ட் உடையோர் பெரும் பாக்கியசாலிகள். அந்நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் வர்ஜீனியா மாநிலத்து நியூபோர்ட் நியூஸ் நகரிலுள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொரு படகுக்கும் தொழிற்சாலையில் ஓர் அட்டை எழுதப்பட்டது. உடல் எண், இனம், பொருத்திய இயந்திரம், அனுப்பிய தேதி, பெற்றுக்கொண்ட வியாபாரி, சில வேளைகளில் இருக்கைத் தோலின் நிறம் வரை அதில் குறிக்கப்பட்டிருக்கும். எண் தெரிந்த உடைமையாளர் அந்த அட்டையின் நகலைப் பெறலாம். மற்றப் பட்டறைகள் பலவற்றின் கணக்குப் புத்தகங்கள் இவ்வாறு முழுமையாகத் தங்கவில்லை. அங்கே விளம்பரங்களும், புகைப்படங்களும், குடும்பத்தார் வாய்மொழியுமே ஆதாரம். 

வாய்மொழியின் வலிமையையும் வரம்பையும் அறிய இங்கிலாந்தின் உதாரணம் தகுந்தது. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து 3,38,000-க்கு மேற்பட்ட போர்வீரர்களை மீட்டுவந்த முயற்சியில், கடற்படைக் கப்பல்களோடு நூற்றுக்கணக்கான சிறு படகுகளும் பங்கு கொண்டன. டைட்டானிக் கப்பலின் அதிகாரிகளுள் உயிர்தப்பிய சார்லஸ் லைட்டாலர் 'சன்டவுனர்' என்ற தம் படகைத் தாமே செலுத்திச் சென்று சுமார் 130 பேரை ஏற்றி வந்தார். அப்படகு ஆதியில் கடற்படையின் பணிப்படகாகக் கட்டப்பட்டு, பின்னர் அவர் கையில் உல்லாசப் படகாக உருமாறியது. இத்தகைய பெருமைக்குரிய படகுகளின் உடைமையாளர்கள் 1966-இல் தங்களுக்கென ஒரு சங்கம் நிறுவினர். ஆனால், விற்கும்போதெல்லாம் பெயர் மாற்றும் வழக்கம் படகுகளுக்கு உண்டாகையால், தம் படகும் டன்கர்க்குக்குச் சென்றது என்று ஒருவர் நம்புவதற்கும், அவ்வாறு சென்ற படகு இதுவே என்று ஆவணத்தாலும் அளவாலும் நிறுவுவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. காண்டலும் கருதலும் துணைநிற்காத உரை வெறும் கர்ணபரம்பரையே; அதை ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம், அதன்மேல் கட்டடம் எழுப்பவும் வேண்டாம்.

மரத்தின் வியாதிகள்

அடையாளம் தெளிந்தபின், அல்லது தெளியும் வழியிலேயே, மரத்தின் ஆரோக்கியத்தைப் பரீட்சிக்க வேண்டும். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது வளர்வதில்லை. மரம் முழுதும் நீரில் மூழ்கிக் காற்றின்றி இருந்தாலும் வளர்வதில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே, ஈரம் உலராமலும் காற்று அறாமலும் இருக்கும் மூலைகளில்தான் அழிவு தொடங்குகிறது. உப்புநீர் பூஞ்சையை ஓரளவு தடுக்கும். அங்கே மரத்தைத் துளைக்கும் கடற்புழுவே பகைவன். நன்னீர் ஏரிப் படகுக்கோ ஏரி நீரைவிட மழைநீரே பெரிய சத்துரு. மேல்தட்டின் இணைப்புகளில் கசிந்து, உள்ளே சொட்டி, வெளியேறும் துவாரம் அடைபட்ட இடத்தில் தங்கும் மழைநீர், அணிய மரம் படகின் அடிமுதுகெலும்பாகிய ஏராவோடு சேரும் மூட்டையும், பக்கமும் அடியும் கூடும் விளிம்பு மரத்தையும், அமரப் பலகையின் கீழ்க் கோணங்களையும், வங்குகள் எனப்படும் குறுக்குச் சட்டங்களின் அடிப்பகுதியையும் மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. வெளியே வார்னிஷ் கண்ணாடிபோல் மின்னும் படகுக்குள்ளும் இவ்விடங்கள் கைவிரலால் பொடியாகும் நிலையில் இருத்தல் அபூர்வமன்று. கூரிய ஊசியால் குத்திப் பார்த்தலும், மரச்சுத்தியால் தட்டி ஓசை கேட்டலுமே இன்றும் முதன்மையான சோதனைகள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், மக்கியது மந்தமாக முணுமுணுக்கும்.

மரத்தோடு உலோகத்தையும் சோதிக்க வேண்டும். பழைய படகுகள் பலவற்றில் பித்தளைத் திருகாணிகள் பயன்பட்டன. நீரில் நெடுங்காலம் கிடந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய்விட, செம்பின் இளஞ்சிவப்பு நிறம் மட்டும் எஞ்சும். அந்நிலையில் ஆணி உருவத்தில் ஆணியாகவும் பலத்தில் சுண்ணாம்பாகவும் இருக்கும். ஓக் மரத்தில் இறங்கிய இரும்பாணியோ மரத்தின் துவர்ப்புச் சத்தோடு கலந்து, தானும் துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கருக்கிவிடும். ஆகவே, அங்கங்கே சில திருகாணிகளைக் கழற்றிப் பார்க்காமல் ஒரு படகை உறுதியானது என்று சொல்லும் மதிப்பீட்டாளரின் வார்த்தையை ஏற்கலாகாது. வண்டியின்மேல் தவறாகத் தாங்கப்பட்டுப் பல ஆண்டுகள் நின்ற படகின் அடிப்பாகம் வளைந்துபோயிருக்கும். அவ்வளைவு சிறிதேயானாலும், வேகமாகச் செல்லும்போது படகு மூக்கைத் தூக்கித் தூக்கி அடிப்பதற்கு அதுவே காரணமாகும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதையும் மறத்தல் கூடாது. அத்தூசியை முகமூடியின்றிச் சுவாசிப்பது தச்சரின் உடல் நலத்துக்குக் கேடு.

பழுதுபார்க்கும் முறைகளும் சர்ச்சைகளும்

இத்துறையில் அபிப்பிராய பேதம் மிகுதியாயுள்ள இடம் படகின் அடிப்பாகமே. கிறிஸ்-கிராஃப்ட் முதலிய படகுகளில் அடிப்பாகம் இரட்டை அடுக்காகக் கட்டப்பட்டது. உள்ளே மெல்லிய மஹோகனிப் பலகைகள் சாய்வாகவும், வெளியே சற்றுத் தடித்த பலகைகள் நீளவாக்கிலும் அமைந்து, இடையில் பசைக்குழம்பு தோய்ந்த கித்தான் துணி விரிக்கப்பட்டது. கோடையில் நீரில் இறக்கியதும் படகு சிறிது நேரம் கசியும். பலகைகள் நீர் குடித்து ஊதி, இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். இம்முறை பத்து இருபது ஆண்டுகளுக்குச் சிறப்பாக வேலை செய்தது. அதன்பின் கித்தான் இற்றுப்போய், ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சாக மாறி, உள்ளடுக்கையே மக்கச் செய்தது. இன்று கிடைக்கும் பழைய படகுகளில் ஆதி அடிப்பாகம் உடையவை பெரும்பாலும் இந்த நிலையிலேயே உள்ளன; அவற்றை அப்படியே ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

புதிய அடிப்பாகம் அமைக்க மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. பழைய முறையிலேயே கித்தானும் குழம்பும் வைத்துக் கட்டுவது முதலாவது. இது சரித்திர உண்மைக்கு நெருங்கியது, ஆனால் பழைய குறைகளையும் உடன் கொண்டுவருவது. கித்தானுக்குப் பதிலாக, நெகிழும் பாலியூரித்தேன் பசையை இரண்டு அடுக்குகளுக்கும் இடையே பரப்புவது இரண்டாவது. 5200 என்ற எண்ணால் படகுத் தச்சர்கள் அழைக்கும் பசை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. மரத்தின் விரிவுக்கும் சுருக்கத்துக்கும் இது இடங்கொடுப்பதால், ஊறவைக்கும் தேவையின்றி உலர்ந்த அடிப்பாகம் கிடைக்கிறது. எனினும், பிற்காலத்தில் பலகையைப் பிரிக்க முயல்வோர் அதை உடைத்தே எடுக்க வேண்டியிருக்கும். எபாக்ஸி என்னும் செயற்கைப் பிசினால் மரத்தை முழுவதும் உறையிட்டு ஒட்டுவது மூன்றாவது. மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டி நகரின் கூஜன் சகோதரர்கள் இம்முறையை விருத்தி செய்து 1979-இல் நூலும் வெளியிட்டனர். உலர்ந்த புது மரத்தால் தொடக்கத்திலிருந்தே கட்டப்படும் படகுக்கு இது மிக உயர்ந்த முறை. எண்ணெயும் ஈரமும் ஊறிய பழைய வங்குகளின்மேல் அகன்ற பலகைகளை வைத்து இவ்வாறு உறையிட்டால், மரம் அசையும் இடத்தில் பிசின் வெடித்து, அவ்வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி நிற்கும். இம்மூன்றையும் சீர்தூக்கினால், நீரில் ஓடவேண்டிய படகுக்கு நடுவழியே பொருத்தமானது என்று சொல்லலாம். இனி, பழைய உடலின்மேல் ஃபைபர்கிளாஸ் போர்வையைப் போர்த்திவிடும் நான்காவது வழியொன்றும் உண்டு. சிக்கனமாகத் தோன்றும் இவ்வழி, உள்ளே இருக்கும் நோயை மறைத்து ஈரத்தைச் சிறைப்படுத்துவதால், சில ஆண்டுகள் கழித்து வெளியே முழுமையும் உள்ளே வெறுமையுமான ஒரு கூட்டையே மிச்சம் வைக்கிறது. அருங்காட்சியகத்துக்கும் ஆகாத, ஏரிக்கும் ஆகாத இம்முறையை ஆதரிக்கச் சிறிதும் நியாயமில்லை.

எம்முறையைக் கைக்கொண்டாலும் வேலையின் ஒழுங்கு ஒன்றே. பலகைகளைக் கழற்றும்முன் படகின் உருவம் குலையாதவாறு உள்ளே குறுக்குக் கம்புகளால் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும். ஏற்கெனவே அடிப்பாகம் வளைந்திருந்தால் அவ்வளைவை மெல்ல நிமிர்த்திய பின்பே முட்டு வைக்க வேண்டும். வங்குகளை ஒரே நாளில் எல்லாம் பிடுங்காமல், ஒன்றை அகற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை அறுத்துப் பொருத்தி, பின்பே அடுத்ததைத் தொட வேண்டும். இவ்விதியை மீறியோர் கையில் படகு கட்டுக்குலைந்து பலகைக் குவியலாக நின்றுபோன கதைகள் ஏராளம். ஒரு மரத்தின் கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு நல்ல பகுதியோடு புதிய மரத்தைச் சாய்வாக இணைப்பதானால், மரத்தின் கனத்தைப்போல் குறைந்தது எட்டு மடங்கு நீளமுள்ள சாய்வு வேண்டும். வளைக்க வேண்டிய ஓக் சட்டத்தை ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நீராவியில் வேகவைப்பது தச்சர் மரபு. ஓக்கிலும் வெள்ளை ஓக்கையே கொள்ள வேண்டும். சிவப்பு ஓக்கின் நுண்குழல்கள் திறந்திருப்பதால் நீரை உறிஞ்சி விரைவில் கெடும். திருகாணிகள் சிலிக்கன் வெண்கலத்தாலானவையாக இருத்தல் நலம். திருகாணித் தலையை மறைக்கும் மரக்குமிழ்களை எபாக்ஸியால் ஒட்டாமல் வார்னிஷில் தோய்த்து வைத்தால், அடுத்த தலைமுறைத் தச்சர் அவற்றைச் சேதமின்றி எடுக்க முடியும்.

மரத்தைப் பற்றி இங்கே ஒன்று கூறுதல் அவசியம். இப்படகுகளில் மிகுதியாகப் பயன்பட்ட 'பிலிப்பைன் மஹோகனி' மெய்யான மஹோகனி அன்று. நம் நாட்டுச் சால மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்களுக்கு வியாபாரிகள் இட்ட பெயர் அது. மெய்யான பெரிய இலை மஹோகனியின் சர்வதேச வியாபாரமோ 2003 நவம்பர் முதல் அழிவுக்கிலக்காகும் உயிரினங்கள் பற்றிய உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகவே, பழைய பலகையில் உறுதியாயுள்ள ஒவ்வோர் அடியையும் காப்பாற்றுவது சரித்திரப் பற்றினால் மட்டுமன்றி, மரத்தின் அருமையினாலும் கடமையாகிறது.

இயந்திரத்தைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். கிறிஸ்-கிராஃப்டின் புகழ்பெற்ற 95 குதிரைச் சக்தியுள்ள ஆறு சிலிண்டர் 'கே' இயந்திரம் முதலியவை ஏரி நீரையே உள்ளே செலுத்திக் குளிர்விப்பவை. உறைபனி தொடங்குமுன் அந்நீரை வடித்துவிடத் தவறினால் உள்ளே பனிக்கட்டியாகி இரும்புடலைப் பிளந்துவிடும். சக்தியில் மிக்க நவீன இயந்திரத்தைப் பொருத்தும் ஆசைக்கு இணங்கினால், பழைய வங்குகள் தாங்கமாட்டாத வேகத்தைப் படகுக்குக் கற்பிப்பதாக முடியும். எல்லாவற்றிலும் முக்கியமானது தீ அபாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியில் தேங்கி நிற்கும். தீத்தடுப்பு வலையையும் காற்றோட்டக் குழாய்களையும் அமெரிக்கச் சட்டம் 1940-லேயே வற்புறுத்தியது. இவ்விஷயத்தில் பழமைப் பற்றுக்கு இடமில்லை.

எவ்வளவு பழமை எஞ்ச வேண்டும்?

இவ்வளவும் மாற்றியபின் எஞ்சியிருப்பது அதே படகுதானா என்ற வினா எழுவது இயல்பு. 1975-இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் தோன்றிய பழம்படகுச் சங்கம், இதற்கு நடைமுறைக்கேற்ற விடை ஒன்றைக் கண்டது. மேல்தட்டிலும் பக்கங்களிலும் 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஆதி மரம் இருந்தால் அது 'பாதுகாக்கப்பட்ட' படகு. குறைந்தால் 'புதுப்பிக்கப்பட்ட' படகு. முற்றிலும் புதிதாயின் வெறும் 'பிரதி'. அடிப்பாகத்தை இக்கணக்கில் சேர்க்காமல் விட்டது விவேகமான முடிவு. ஏனெனில், அடிப்பாகம் தேய்ந்து மாறவேண்டிய உறுப்பு, பக்கங்களும் மேல்தட்டுமோ படகின் முகம். ஐரோப்பாவில், கட்டடங்களுக்கென 1964-இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் தத்துவங்களைத் தழுவி, ஓடும் நிலையிலுள்ள மரபுக் கப்பல்களுக்கெனப் பார்சிலோனா சாசனம் வகுக்கப்பட்டது. இரண்டின் சாரமும் ஒன்றே: குறைந்த அளவே தலையிடுக, செய்த மாற்றத்தைப் பதிவு செய்க, பின்வருவோர் அதை நீக்கக்கூடியவாறு செய்க.

இது நமக்குப் புதிய உபதேசமும் அன்று. செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய சோழர் காலத்தில், செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைப் புதுக்கியபோது, அகற்றவேண்டிய கற்களில் இருந்த பழஞ்சாசனங்களைப் படியெடுத்து, அவை பழங்கல்லின் படி என்று குறித்தே புதிய சுவரில் வெட்டுவித்தார்கள். மாற்றவேண்டியதை மாற்றுவதில் தயக்கமில்லை. ஆனால், மாற்றுமுன் உள்ளதைப் பதிந்து, பதிந்ததைப் பதிந்தது என்றே வெளிப்படையாகச் சொன்னார்கள். படகு புதுக்குவோர் கைக்கொள்ள வேண்டிய தர்மமும் இதுவே. அதற்கு நேர்மாறான செயல் ஒன்று இன்று சந்தையில் நடமாடுகிறது. மக்கிப்போன படகிலிருந்து உடல் எண் பதித்த ஒரு கட்டையை மட்டும் எடுத்து, முழுவதும் புதிதாகக் கட்டிய படகில் அதைப் பொருத்தி, அரிய பழம்படகென்று விலை கூறுவதே அது. அப்படகு அழகாயிருக்கலாம், நன்றாக ஓடலாம். ஆயினும், அதன் பெயர் பிரதியேயன்றி வேறில்லை.

முடிவாகக் கூறத்தக்கவை சில. அடிப்பாகம் கெட்டிருந்தால் தயங்காமல் புதிது அமைக்க வேண்டும். அங்கே உயிர்ப் பாதுகாப்பே பிரதானம். பக்கங்களையும் மேல்தட்டையும் உள் மரங்களையும் கூடியவரை காக்க வேண்டும். அங்கே சரித்திரமே பிரதானம். பழம்படகு வாங்கியவர்கள் வாளும் உளியும் எடுப்பதற்குமுன் அளவுநாடாவும், உருப்பெருக்கிக் கண்ணாடியும், குறிப்பேடும் எடுத்து, ஒவ்வொரு பலகையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு துளையையும் வர்ணத்தையும் படமெடுத்து எழுதிவைப்பார்களாக. கழற்றிய மரத்தில் எண் எழுதிய துண்டுகளை எரிக்காமல் சேமித்து, எழுதிய குறிப்பேட்டோடு சேர்த்துப் படகிலேயே வைத்து, அடுத்து அதை வாங்குபவரிடம் ஒப்படைப்பார்களாக.